நத்தார்க் கோப்பி: ஒரு பண்டிகைப் பானத்தின் சமூக வரலாறு

1

பண்டிகைகளைப் பற்றி எம்மிடையே எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் சமயப் பொருளையும் கிரியைகளையும் அவற்றோடு தொடர்புடைய பாடல்களையுமே கருத்திற் கொண்டுள்ளன. பண்டிகை நாளன்று அடுக்களையில் நிகழ்வது யாது, அங்கு ஆக்கப்படும் உணவும் பானமும் எவ்வழியாக வந்தன, எவருடைய உழைப்பினால் வந்தன என்னும் வினாக்கள் ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படுவதில்லை. அடுக்களை பெண்களுக்குரிய இடமென்றும், வரலாறு அரசவையிலும் போர்க்களத்திலும் நிகழ்வதென்றும் கொள்ளும் பழைய நோக்கின் எச்சமே இது. உற்பத்தியே வரலாற்றின் அடித்தளம் என்னும் கோட்பாட்டை ஏற்றுக்கொள்ளும் நாம், உற்பத்தியான பொருள் இறுதியில் நுகரப்படும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயும்போதுதான் பொருளுக்கும் அதனை ஆக்கிய மனிதருக்கும் இடையே உள்ள தொடர்பு எங்கே, எவ்வாறு மறைக்கப்பட்டது என்பது புலனாகும்.

இக்கட்டுரை அத்தகைய சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கின்றது. இலங்கையில் நத்தார்ப் பண்டிகையின்போது வீடுகளில் ஆக்கப்படும் கோப்பிப் பானமே அது. அப்பானம் இருவகைப்படும். கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் பறங்கியர், சிங்களர், தமிழர் ஆகிய பல சமூகத்தாரின் நடுத்தரவர்க்க இல்லங்களிலே நத்தாருக்கும் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் விருந்தினருக்கு வழங்கப்படும் 'ஐஸ் கோப்பி' ஒருவகை. வடபுலத்துக் கிறித்தவ இல்லங்களில் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பியோர், பயற்றம் உருண்டை, சீனி அரியதரம், முறுக்கு முதலிய பலகாரங்களோடு அருந்தும் மல்லிக் கோப்பி மற்றையது. முன்னையது குளிர்ந்தது, தகரப் பாலினால் தடிப்பானது, சிலவிடங்களிற் பிராந்தியும் சேர்வது. பின்னையது சூடானது, பாலில்லாதது, பனங்கட்டியோடு பருகப்படுவது. இவ்விரு கோப்பைகளுக்கும் இடையே உள்ள தூரம் சுவையினால் மட்டும் ஏற்பட்டதன்று. அது வர்க்கத்தினாலும் வரலாற்றினாலும் ஏற்பட்ட தூரம் என்பதே நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

2

முதலிற் சொற்களை நோக்குவோம். 'நத்தார்' என்பது போர்த்துக்கேய மொழியிற் பிறப்பு விழாவைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் சொல்லின் வழிவந்தது. 'கோப்பி' என்பது ஒல்லாந்தரின் 'கொஃபி' என்பதனோடு தொடர்புடையது. தமிழகத்தார் ஆங்கிலச் சொல்லை ஒட்டிக் 'காப்பி' என்று வழங்க, நாமும் சிங்கள மக்களும் 'கோப்பி' என்று வழங்குவதற்கு இதுவே காரணம். பானத்தை ஏந்தும் 'கோப்பை' மீண்டும் போர்த்துக்கேயச் சொல்லாகும். பறங்கியர் நத்தார்க் காலையில் உண்ணும் 'புரூடர்' என்னும் இனிப்பு ரொட்டியின் பெயரோ ஒல்லாந்தச் சொல். ஆகவே, இப்பண்டிகைக் காலை உணவின் பெயர்களை அடுக்கிச் சொன்னாலே இரண்டு ஏகாதிபத்தியங்களின் வருகையைச் சொன்னவராவோம்.

ஆயின் மூன்றாவது ஏகாதிபத்தியம் இவ்வுணவுக்குத் தந்தது பெயரை அன்று; பொருளையே தந்தது. பிரித்தானியர் வருமுன்னரே கோப்பிச் செடி இந்நாட்டில் இருந்தது. கண்டி நாட்டு மக்கள் அதன் இளந்தளிரைக் கறிக்கும், பூவைக் கோயிற் படையலுக்கும் பயன்படுத்தினர் என்றும், கொட்டையிலிருந்து பானம் ஆக்கும் வழக்கத்தை அறிந்திருக்கவில்லை என்றும் எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டிலே தாழ்நிலப் பகுதிகளில் கோப்பியைப் பயிரிட முயன்றனர், அம்முயற்சி சிறக்கவில்லை. செடியை வீட்டு முற்றத்திலிருந்து பிரித்தெடுத்து உலகச் சந்தையின் சரக்காக மாற்றியது 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஏற்பட்ட ஆட்சியே. கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் 1820களின் நடுப்பகுதியிற் பெருந்தோட்ட முறையிற் கோப்பியைப் பயிரிட்டார். அக்காலத்துத் தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸ் பாதைகளை அமைத்ததோடு தாமும் கோப்பி பயிரிட்டார்.

எனினும் கோப்பி பெருஞ்செல்வமாக மாறுவதற்கு வேறிரண்டு நிகழ்ச்சிகள் வேண்டியிருந்தன. முதலாவது, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தமை. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் 1838இல் அடிமைகள் முற்றாக விடுதலை பெற்றதனாலும் அங்குத் தோட்டங்கள் தளர்ந்தன. இரண்டாவது, 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டமை. ஓரிடத்தில் விலங்கு கழன்றபோது மூலதனம் மலிவான உழைப்பைத் தேடி இன்னோரிடத்திற்குப் பெயர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உரிமைப் பத்திரம் காட்ட இயலாத நிலங்களை முடிக்குரியனவாக்கிற்று. அந்நிலங்கள் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்னும் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியோருட் தேசாதிபதியும் உயர் அலுவலரும் இருந்தனர்.

3

இங்கு ஓர் இலக்கியக் குறிப்பு பொருத்தமாகும். சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஒரு நத்தார்க் கீதம்' என்னும் குறுநாவல் 1843 மார்கழியில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் பரவியுள்ள 'குடும்பத்தின் நத்தார்' என்னும் எண்ணத்தை உருவாக்கியதில் அந்நூலுக்குப் பெரும்பங்குண்டு. இல்லம், அடுப்பு, குடும்பத்தார் கூடியுண்ணல், வறியோர்க்கு இரங்கல் ஆகியன அந்த எண்ணத்தின் கூறுகள். நூலின் ஓரிடத்தில் நத்தார்க் காலையில் இலண்டன் தெருவிலுள்ள மளிகைக் கடைகள் வருணிக்கப்படுகின்றன. தேயிலையும் கோப்பியும் கலந்த மணம் அங்குக் கூறப்படுகின்றது. நீண்டு நேரிய கறுவாப் பட்டைகளும் கூறப்படுகின்றன. வறியோருக்காக இரங்கிய அம்மாபெரும் கலைஞர், அக்கடையின் நறுமணத்தை எமக்கு உணர்த்துகின்றார். அம்மணம் எங்கிருந்து வருகின்றது என்பதை அக்காட்சியிற் கூறவில்லை.

இதனை டிக்கன்சின் தனிப்பட்ட குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அந்நூல் வெளிவந்த ஆண்டிலேதான் கண்டி மலைகளில் 'கோப்பி வெறி' என்று வரலாற்றாசிரியர் குறிக்கும் நில வேட்டை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கறுவாவோ அதற்கு இருநூறாண்டுகளுக்கு முன்னரே இத்தீவின் கரையோரத்தைப் போர்க்களமாக்கிய பொருள். சாலியர் என்னும் சாதியார்மீது சுமத்தப்பட்ட கட்டாய உழைப்பினால் உரிக்கப்பட்ட அப்பட்டைமீது இருந்த அரச தனியுரிமை 1833இலேதான் நீங்கிற்று. கடையிற் பொருள் மணக்கும்போது உழைப்பு மணப்பதில்லை. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தின் தொடக்க அத்தியாயத்தில் மார்க்ஸ் விளக்கிய உண்மை இதுவே. மனிதர் தம்மிடையே கொண்ட உறவு, சந்தையிலே பொருள்கள் தம்மிடையே கொண்ட உறவாகத் தோற்றமளிக்கின்றது. நத்தார்க் கடைவீதி இத்தோற்றத்தின் மிக அழகிய வடிவமாகும்.

இந்நோக்கில் 1848ஆம் ஆண்டும் கருதத்தக்கது. விக்ரோறியா அரசியாரின் குடும்பம் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் அவ்வாண்டு மார்கழியிலே இலண்டனிற் சித்திரப் பத்திரிகையொன்றில் வெளிவந்து, அம்மரத்தை ஆங்கில இல்லங்களின் வழக்கமாக்கிற்று. அதே ஆண்டின் நடுப்பகுதியிலேதான், கோப்பி விலை வீழ்ந்து அரசு புதிய வரிகளை விதித்தபோது, மாத்தளைக் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் தலைவர் புரன் அப்பு ஆவணி மாதத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். இல்லத்தின் இன்பமும் மலைநாட்டின் துன்பமும் ஒரே பொருளாதார முறைமையின் இரு முகங்களாக இருந்தன.

4

கோப்பிச் செய்கையின் பருவத்தை அறிந்தோர்க்கு நத்தார்க் கோப்பியின் பொருள் மேலும் தெளிவாகும். மலைநாட்டிற் பங்குனி, சித்திரை மாதங்களிற் பூக்கும் கோப்பி, ஆண்டின் இறுதி மாதங்களிற் பழுக்கும். பழம் சிவந்தவுடன் பறித்தல் வேண்டும், தாமதித்தால் உதிரும். ஆகவே தோட்டத்திற்கு மிகுதியான கைகள் தேவைப்பட்ட காலம் ஆவணி தொடக்கம் மார்கழி வரையிலான காலமே. தேயிலையைப் போல ஆண்டு முழுவதும் கைகளை வேண்டாத பயிர் இது. எனவே தோட்டத்துரைமார் தென்னிந்தியாவின் மதுரை, திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து பருவகாலத் தொழிலாளரை வருவித்தனர். கங்காணியிடம் முற்பணம் பெற்றுக் கடனாளிகளாகப் புறப்பட்டோர், கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, வடபாதை வழியே காடுகளினூடாக மாத்தளையை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அப்பாதையில் அவர்களைப் பலிகொண்டன. உயிரோடு சேர்ந்தோர் பறித்தனர். அறுவடை முடிந்ததும் தம்மூர் வயல்களின் தை அறுவடைக்குத் திரும்பினர். 1876-78 பஞ்சத்தின்போது வந்தோர் தொகை பெருகிற்று.

பறித்த பழம் சாக்கில் ஆலைக்குச் சென்றது. அங்குச் சதை நீக்கப்பட்டு, தொட்டியிற் புளிக்கவிடப்பட்டு, கழுவப்பட்டு, தளத்தில் உலர்த்தப்பட்டது. பின்னர் மாட்டு வண்டியிலும், 1867இற் கண்டிவரை இருப்புப்பாதை அமைந்தபின் புகைவண்டியிலும் கொழும்பை அடைந்தது. அங்குப் பண்டசாலைகளிற் பெண்கள் அமர்ந்து பழுதான கொட்டைகளைக் கையாற் பொறுக்கி நீக்கினர். அதன் பின்னரே கப்பலேறிற்று. சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869இற்கு முன்னர் அக்கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே சென்றது. எனவே மார்கழியில் இங்குப் பறிக்கப்பட்ட பழம் அந்த நத்தாருக்கு இலண்டனை அடைந்திருக்க இயலாது. ஒவ்வோர் ஆண்டும் ஆங்கில நத்தார் மேசை பருகியது முந்திய பருவத்தின் உழைப்பையே. மேசையிற் பருகப்பட்ட அதே வேளையில் மலையில் அடுத்த ஆண்டுக்குரிய பழத்தைக் கைகள் பறித்துக்கொண்டிருந்தன.

நத்தார் லயத்திற்குள் முற்றிலும் வாராமலும் இல்லை. 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டங்களிலே சமயப் பணியைத் தொடங்கிற்று. தோட்டத்துரைமார் சிலர் அதற்கு ஆதரவு நல்கினர். தொழிலாளருக்கு எழுத்தறிவின் முதற் கதவைத் திறந்தோருள் இத்தகைய மிஷன்களும் அடங்கும் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. அதே வேளை, பணிவையும் உழைப்பையும் அறமாகப் போதிக்கும் கல்வி தோட்டத்தின் தேவைக்கு முரணானதன்று என்பதையும் கூறியாக வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு தமிழ் நூலை நினைவுகூர்தல் தகும். ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. மலையக இலக்கிய வரலாற்றை எழுதுவோர் அதன் தொடக்க நூல்களுள் ஒன்றாக இதனைக் கொள்வர். கும்மி பெண்கள் விழாக்காலத்திற் கைகொட்டி ஆடும் கூத்துவகை. கூட்டு வாழ்வின் மகிழ்ச்சியிற் பிறந்த வடிவம். அவ்வடிவம் கோப்பிச் செய்கையின் முறைகளையும் உழைப்பின் பயனையும் எடுத்துரைக்கும் கருவியாக மாறியமை கருதத்தக்கது. விழாவின் வடிவம் உற்பத்தியின் பணிக்கு வந்தது. இதற்கு எதிர்நிலையிற் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் உள்ளன. அங்கு உழைப்பின் பயனைப் பற்றிய புகழுரை இல்லை; ஊரைப் பிரிந்த ஏக்கமும், கங்காணியின் கொடுமையும், இழந்தோரை எண்ணிய அழுகையுமே உள்ளன. ஒரே பயிரைப் பற்றிய இருவகைப் பாடல்கள் இரு வர்க்கங்களின் நோக்கை எமக்குக் காட்டுகின்றன.

அக்கும்மி அச்சேறிய அதே 1869இலேதான் மடுல்சீமையிற் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்துத் துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பேர்க்லி அப்பூஞ்சணத்திற்கு 'ஹெமிலியா வாஸ்ராற்றிக்ஸ்' என்று பெயரிட்டார். 1870இல் ஏற்றுமதி ஏறத்தாழ பத்து இலட்சம் அந்தராக இருந்தது. எழுபதுகளின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் கோப்பி நின்றது. விலை உயர்ந்திருந்தமையால் நோயின் அழிவு சில ஆண்டுகள் கணக்கேட்டில் மறைந்திருந்தது, நிலத்தில் மறையவில்லை. 1880களில் தோட்டங்கள் அழிந்தன. 1884இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையிற் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. பருவகாலத் தொழிலாளர் ஆண்டு முழுவதும் லயத்தில் வாழும் நிரந்தரத் தொழிலாளராயினர்.

5

பெருந்தோட்டக் கோப்பி மடிந்தது. ஆனால் கோப்பி மடியவில்லை. இது எமது ஆய்விற்கு இன்றியமையாத உண்மையாகும். பெருந்தோட்டம் தோன்றுவதற்கு முன்பும், அது செழித்திருந்த காலத்தும், கண்டிக் குடியானவர் தம் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பியை வளர்த்துச் சோனக வணிகர் முதலியோருக்கு விற்றனர். ஏற்றுமதியில் அவர்களுடைய பங்கு கணிசமானது. அந்த மரபே நோய்க்குப் பின்னும் எஞ்சியது. நோயை ஓரளவு தாங்கக்கூடிய 'ரொபஸ்டா' வகையும் பின்னர் வந்தது. இன்றும் இந்நாட்டுக் கோப்பியின் பெரும்பகுதி கண்டி, மாத்தளை, கேகாலை, நுவரெலியா, பதுளை ஆகிய மாவட்டங்களின் சிறு காணிகளிலும் வீட்டு முற்றங்களிலுமே விளைகின்றது. அரை நூற்றாண்டுக் காலம் அந்நியருக்காக விளைந்த ஒரு பயிர், மூலதனம் அதனைக் கைவிட்ட பின்னரே, பெரும்பாலும் உள்நாட்டு மக்களுக்குரிய பொருளாயிற்று. பண்டிகைப் பானமாகக் கோப்பி இல்லங்களில் நிலைபெற்றமைக்கு இம்மாற்றமும் ஒரு காரணம் என்று நாம் கருதுகின்றோம். தேநீர் நாளாந்த வேலையின் பானமாகவும், கோப்பி மழைக்கும் நோய்க்கும் விருந்துக்கும் பண்டிகைக்கும் உரிய பானமாகவும் பிரிந்தன.

வடபுலத்து மல்லிக் கோப்பியின் ஆக்கமுறை இதனை விளக்கும். கோப்பிக்கொட்டையை மண் அல்லது இரும்புச் சட்டியிற் கருகாமல் வறுப்பர். மல்லியைத் தனியே வறுப்பர். வேர்க்கொம்பும் சிறிது மிளகும் சீரகமும் சேர்ப்போரும் உளர். எல்லாவற்றையும் உரலில் இட்டு இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து வைப்பர். கொதிநீரை ஊற்றித் தூள் அடியிற் படியவிட்டு, உள்ளங்கையில் வைத்த பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பருகுவர். மல்லி இங்கு நறுமணப் பொருள் மட்டுமன்று. விலை கூடிய கோப்பியை நீடிக்கச் செய்யும் பொருளும் ஆகும். வறியோரின் சிக்கனம் காலப்போக்கிற் சுவையாக மாறியது. நத்தாருக்கு முன்னைய வாரங்களில் இடிக்கப்படும் புதுத்தூள், அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் கொடுக்கப்படுவதுண்டு. இது சந்தைக்குச் செல்லாத உழைப்பு. பயன்மதிப்பு மட்டுமே உடைய பொருள்.

ஐஸ் கோப்பியின் ஆக்கமுறை வேறு. ஒரு லீற்றர் கொதிநீருக்கு ஏறத்தாழ 100 கிராம் தூளை இட்டு மூடிவைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிப்பர். குளிர் சுவையை மந்தமாக்கும் ஆதலின் சாயம் மிகக் கடுமையாக இருத்தல் வேண்டும். சூடு ஆறுமுன் ஒரு தகரம் இனிப்பூட்டிய பாலைக் கலப்பர். வனிலாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பர். சிலர் ஏலமும் இடுவர். ஓரிரவு குளிரவைத்துச் சிறு கண்ணாடிக் குவளைகளில் வழங்குவர். மூத்தோர் குவளையிற் சிறிது பிராந்தி சேர்தலும் உண்டு. நத்தார்க் கேக்கும் புரூடரும் உடன் வைக்கப்படும்.

இப்பானத்தின் இன்றியமையாத கூறுகள் சில கைத்தொழிற் புரட்சிக்குப் பிந்தியவை. வெப்ப நாட்டிற் பால் விரைவிற் கெடும். பாலைச் சுண்டவைத்து, நிறையில் ஐந்தில் இரண்டு பங்களவு சீனி சேர்த்துத் தகரத்தில் அடைத்தால் அது கெடாது. சீனியே அதனைக் காக்கின்றது. இம்முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856இல் உரிமம் பெற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போர் அதற்குப் பெருஞ்சந்தையைத் தேடித் தந்தது. 1866இற் சுவிற்சர்லாந்தின் சாம் என்னும் ஊரில் ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் ஐரோப்பாவில் அதனை ஆக்கத் தொடங்கிற்று. 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. நெஸ்லே 1906இல் இலங்கையில் வணிகத்தைத் தொடங்கிற்று. பனிக்கட்டியின் வரலாறும் இதனை ஒத்ததே. 1833இல் பொஸ்ரன் நகரிலிருந்து கல்கத்தாவிற்குக் கப்பலில் வந்த பனிக்கட்டி, அங்கு ஆங்கிலேயரின் மேசைக்குரிய பொருளாயிருந்தது. 1860களிற் கொழும்பிலேயே பனிக்கட்டி ஆலை நிறுவப்பட்டது. அதுவே பிற்காலத்தில் யானைச் சின்னத்தால் எல்லோரும் அறிந்த குளிர்பான நிறுவனமாக வளர்ந்தது. கோப்பி மூலதனம் கொழும்பை நகராக்கிய அதே பத்தாண்டில் அந்நகருக்குப் பனிக்கட்டியும் வந்தது தற்செயலன்று.

எனவே ஐஸ் கோப்பியை 'எமது பாரம்பரியம்' என்று கூறுவோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். தகரப் பாலும் பனிக்கட்டியும் இன்றி அது இல்லை. அவை இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தவை. பாரம்பரியம் என்பது தொன்மையன்று. ஒரு வர்க்கம் தன்னை அடையாளங் காட்டிக்கொள்ளத் தெரிந்தெடுக்கும் பழக்கமும் பாரம்பரியம் என்னும் பெயரைப் பெறலாம். ஆங்கிலக் கல்வி பெற்ற நடுத்தரவர்க்கம் சமூக வேறுபாடின்றி இப்பானத்தை ஏற்றுக்கொண்டமைக்கு அதுவே காரணம். 1929இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'சிலோன் டெயிலி நியூஸ் சமையல் நூல்' போன்ற நூல்கள் அவ்வர்க்கத்தின் அடுக்களைக்குப் பொதுமொழியொன்றைத் தந்தன. குளிர்சாதனப் பெட்டியுள்ள வீடே ஐஸ் கோப்பி வழங்கும் வீடு என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

6

அவ்வீட்டில் அதனை ஆக்கியோர் யாவர்? இவ்வினாவே எமது கட்டுரையின் மையத்திற்கு எம்மை இட்டுச்செல்கின்றது. கொழும்பு நகரின் வசதியுள்ள இல்லங்களில் நெடுங்காலமாக அடுக்களை வேலை செய்தோருள், மலையகத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட பெண்களும் சிறுமியரும் பலர். வறுத்ததும், இடித்ததும், வடித்ததும், குவளைகளைக் கழுவியதும் அக்கைகள். கோப்பி பறிப்பதற்காகக் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள், தம் முன்னோர் பறித்த அதே கொட்டையை வேறொருவர் வீட்டுப் பண்டிகைக்காக ஆக்கினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடேயே சட்டப்படி முடிவுக்கு வந்தது. மேசையிலிருந்த பானத்துக்கு எமது நாட்டுப் பானம் என்று பெயர். அதனை ஊற்றிய கைக்கோ நாடில்லை.

இக்கூற்றைக் கேட்டுச் சிலர், பண்டிகையின் மகிழ்ச்சியையே நாம் பழிக்கின்றோம் என்று கருதக்கூடும். அது எமது நோக்கமன்று. பண்டிகை மக்களின் உரிமை. ஆண்டு முழுவதும் உழைப்போர் ஒரு நாளாவது நன்றாக உண்டு, பருகி, உறவோடு கூடியிருத்தல் வேண்டும். மாறாக, நாம் வேண்டுவது அம்மகிழ்ச்சி எல்லோருக்கும் உரியதாதல். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பால்மாவும் சமையல் எரிவாயுவும் கிடையாமல் நகரத்தாரும் வரிசையில் நின்றனர். பாலில்லாக் கோப்பி என்பது யாது என்பதனை அன்று பல இல்லங்கள் முதன்முறையாக உணர்ந்தன. தோட்டத்து லயங்களுக்கும் வடபுலத்து வறிய குடிசைகளுக்கும் அது புதிய செய்தியன்று.

இன்று இன்னொரு மாற்றம் நிகழ்கின்றது. மலைநாட்டில் உயர்ந்த வகைக் கோப்பியை மீண்டும் பயிரிடும் முயற்சிகள் வளர்ந்துள்ளன. நகரத்துக் கோப்பிக் கடைகள் நத்தார்க் காலத்தில் இஞ்சியும் கறுவாவும் சேர்ந்த பானங்களை உயர்விலைக்கு விற்கின்றன. அவற்றை வீட்டில் ஆக்கும் முறைகளும் பரப்பப்படுகின்றன. கோப்பியும் இஞ்சியும் சேர்ந்த கோப்பையை எமது பாட்டிமார் அறியாதவர் அல்லர். வேர்க்கொம்புக் கோப்பி என்று வீட்டில் வழங்கியபோது மருந்தாகவும் வறுமையின் அடையாளமாகவும் கருதப்பட்டது, அயல்நாட்டுப் பெயரோடு திரும்பி வந்தபோது நாகரிகமாகக் கருதப்படுகின்றது. பொருள் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த சமூக உறவு மாறியுள்ளது. புதிய கோப்பிச் செய்கையிற் பறிக்கும் கைகளுக்கு உரிய ஊதியமும் நிலமும் கிடைக்குமா, அன்றிப் பழைய வரலாறே புதிய பொதியுறையில் வருமா என்பதே எம்முன் உள்ள வினா. அவ்வினாவுக்குச் சந்தை தானாக விடை தராது. தொழிலாளரும் சிறு விவசாயிகளும் ஒன்றுபட்டு எழுப்பும் கோரிக்கையே விடை தரும்.

ஆய்வாளருக்கும் இதிற் கடனுண்டு. தோட்டங்களின் கணக்கேடுகளிலும் தேசாதிபதிகளின் அறிக்கைகளிலும் கோப்பியின் எடையும் விலையும் உள்ளன. பறித்தோரும் வறுத்தோரும் கூறக்கூடிய வரலாறு அங்கு இல்லை; அது பாடலிலும், அடுக்களைப் பேச்சிலும், முதியோர் நினைவிலும் உள்ளது. மலையகத்திலும் வடபுலத்திலும் கொழும்பிலும் அடுக்களையில் உழைத்த முதிய பெண்களிடமிருந்து அதனைத் திரட்டுதல் எமது தமிழ்ச் சங்கங்கள் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும். காலம் தாழ்த்தினால், ஏற்றுமதிப் புள்ளிவிபரத்தை மட்டுமே நாம் கோப்பியின் வரலாறென்று அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க நேரிடும்.